ஈரக் கழிவு ஒரு கிலோ

எனக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது சர்க்கார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு பிள்ளை பெற்றவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்த வயதில் பால்வாடியில் வேலை பழகப் போனேன். ஒரு வருஷம் பழக வேண்டும். மாதாமாதம் ஸ்டைபெண்டு என்று ஒரு தொகை கொடுப்பார்கள். கரும்பு வெட்டினால் கிடைக்கிற கூலியை விடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் நான் போயிருக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா வந்து படி என்றால் எங்கள் பக்கத்தில் எவளும் போகமாட்டாள். போக மனசு இல்லாமல் அல்ல. ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் உலை வைக்க முடியாது.

எழுபதுகளின் பின்பாதி அது. கேரளத்து மலைமேல் இருக்கிற மறையூரிலிருந்து மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். முப்பது வீடு இருக்கும். சுற்றிலும் கரும்பு. வீடுகளுக்குப் பக்கத்திலேயே வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. கரும்பு ஆட ஆரம்பித்தால் ஆண் பெண் எல்லாரும் கொட்டகையில்தான். என் வீட்டுக்காரர் அடுப்புக்குச் சக்கை தள்ளுவார். நான் பாகு ஆறியதும் உருண்டை பிடிப்பேன். மூட்டை கட்டி நிறுக்கிற நேரத்தில் தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலைதான். பத்து வருஷம் அப்படி நின்றிருக்கிறேன்.

பிள்ளைகளை வீட்டில் விட ஆள் கிடையாது. கொட்டகைக்கே கொண்டு போவோம். சக்கை மேட்டில் படுக்க வைப்போம். நடக்கத் தெரிகிற வரைக்கும் பயமில்லை. நடக்க ஆரம்பித்தால் வாசனைக்குப் பாகு காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் வந்துவிடும். கொதிக்கிற பாகு தண்ணீர் மாதிரி இல்லை. பட்டால் ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் தோலும் கூட வரும். என் மூத்த மகளுக்கு மூன்று வயதில் வலது காலில் பட்டது. முட்டியிலிருந்து கீழே. பிழைத்தாள். நடக்கிறாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பஞ்சாயத்து மெம்பர் ஒரு நாள் கொட்டகைக்கு வந்து சொன்னார். மறையூர் பால்வாடியில் வேலை பழக ஒரு பெண் வேண்டும். ஏழாம் வகுப்புப் படித்தவள்தான் வேண்டும் என்று உத்தரவு. கீழ்நாட்டிலிருந்து மலையாளப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். குளிர் தாங்காமல் ஒருத்தியும், பேச்சு புரியாமல் ஒருத்தியும் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது ஐந்தாம் வகுப்பு போதும் என்கிறார்கள். பழகி முடித்து, தகுதி உண்டு என்று மேலதிகாரி எழுதினால், அவள் ஊரிலேயே ஒரு பால்வாடி திறப்பார்கள். அவளே அதற்கு டீச்சர். எழுதாவிட்டால் அந்தப் பணம் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விடும்.

அவர் பேசி முடிப்பதற்குள் நான் கையில் ஒட்டிய பாகைக் கழுவிவிட்டு, வருகிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார்.

"நீ டீச்சரா? என்னா சொல்லிக் குடுப்ப? சக்கை அள்ளவா?"

"மொதல்ல மூக்குச் சிந்தச் சொல்லிக் குடுப்பேன். உங்களுக்கும் வேணும்னா வாங்க."

"நாக்கு நீளந்தான்."

"இங்க பக்கத்துல பால்வாடி வந்தா ஒரு புள்ளையும் கொப்பரைக்கிட்ட வராது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மகள் காலைப் பார்த்தார். மறுநாள் காலையில் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி வழி என்கூட வந்தார்.

சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. அவனையும் பால்வாடியிலேயே சேர்த்துக்கொண்டேன்.

மறையூர் பால்வாடி டீச்சர் கோட்டயம் பக்கத்துப் பெண். என்னை விட ஆறு வயது இளையவள். என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பாள். நான் அவளை டீச்சர் என்பேன். நாலு வருஷம் மறையூரில் இருந்ததால் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் மலையாளம்தான் வரும்.

முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் மூன்று பிள்ளைகள் அழுதார்கள். கொட்டகையில் கரும்பு ஆட்டுகிற எஞ்சின் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவோம். எனக்கு அது கத்தல் என்றே தெரியாது. டீச்சர் என்னை வெளியே கூப்பிட்டாள்.

"சேச்சி, இவிட எஞ்சின் இல்ல."

அந்த வாரம் முழுக்க மெதுவாகப் பேசப் பழகினேன். அதுதான் நான் படித்த முதல் பாடம். அப்புறம், பிள்ளையோடு பேசும்போது குனிந்து பேசக்கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். அழுகிற பிள்ளையை ஏன் அழுகிறாய் என்று கேட்கக்கூடாது. அதற்கே தெரியாது. கையில் எதையாவது கொடுத்து வேலை வைக்க வேண்டும். புளியங்கொட்டை பொறுக்குவது, மணலை டப்பாவில் நிரப்பிக் கொட்டுவது. டீச்சருக்கு மலையாளப் பாட்டுதான் தெரியும். பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும். நான் அதே மெட்டில் காக்காய், கரும்பு, மழை என்று வாய்க்கு வந்ததைச் சேர்த்தேன். பிள்ளைகள் பாடின. மத்தியானம் கோதுமை ரவை உப்புமா. கிண்டுவது என் வேலை. ஒரு நாளும் அடிப்பிடித்ததில்லை.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஏழாவது மாதம் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து எடையை எழுதி அனுப்ப வேண்டும். தராசு பின்னால் வரும். தாள் வந்தது, தராசு வரவில்லை. அந்த நேரத்தில் டீச்சருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து தந்தி. பத்து நாள் லீவில் போக வேண்டும்.

"எப்படி சேச்சி? தராசு இல்லாதே?"

"வெல்லத் தராசு இருக்கு டீச்சர். நான் வாங்கியாரேன். நீங்க போயிட்டு வாங்க."

கொட்டகையில் வெல்லம் வாங்குகிற வியாபாரியிடம் கேட்டேன். ஒரு நாள் தந்தார். கொக்கித் தராசு. பால்வாடி உத்தரத்தில் கட்டினேன். கோதுமைச் சாக்கில் கால் விட இரண்டு ஓட்டை போட்டுத் தூளி மாதிரி தொங்கவிட்டேன். அதுவரை சரி.

ஆனால் அம்மாக்கள் பிள்ளையைத் தரவில்லை. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் பெண்டாட்டி, மறையூரிலேயே குடியிருந்தாள். கொழுந்தனுக்கு அங்கேயுள்ள கொட்டகையில் வேலை. அவள் மகனும் பால்வாடிப் பிள்ளைதான். பால்வாடியிலேயே கொழுத்தவன். அவள் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"நெறுத்துப் பாக்க எம்மவன் என்ன வெல்ல மூட்டையாக்கா? எண்ணிப் பாத்தா ஆடு கொறையும், நெறுத்துப் பாத்தா புள்ள கொறையும். கண்ணு பட்டுப்போகும்."

"எம்மவனை மொதல்ல நெறுக்குறேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீ குடு."

சின்னவனைச் சாக்கில் உட்கார வைத்தேன். அவனுக்கு ஊஞ்சல் என்று நினைப்பு. சிரித்தான். இறக்கி நெற்றியில் திருநீறு பூசி, முகத்தைச் சுற்றித் திருஷ்டி கழித்தேன். திருஷ்டி கழித்தால் சரி என்று ஒவ்வொருத்தியாகத் தந்தார்கள். இருபத்தெட்டுப் பிள்ளை. ஒரு பகல் முழுக்க ஆனது. ஒவ்வொரு எடையையும் கோடு போட்ட தாளில் அழகாக எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக வந்தது அன்றைக்குத்தான். டீச்சர் திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். "நல்ல கையெழுத்து சேச்சி" என்றாள். கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மலையாளத்தில் இருந்தது. டீச்சர் படித்தாள். பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா டீச்சர்?"

"இவிடத்துப் பிள்ளைங்க மொத்தம் எடை குறைவாம். ரெண்டு மூணு பேரைத் தவிர. ரவை வாங்கினதா ரெஜிஸ்டர்ல இருக்கு, பிள்ளைங்க வயித்துல இல்லைன்னு எழுதியிருக்காங்க. அந்த ரவை எங்க போச்சுன்னு கேக்குறாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "பன்னெண்டு நாள் கழிச்சு மேலதிகாரி மேடம் நேரா வர்றாங்க. அது வரைக்கும் சேச்சியோட ஸ்டைபெண்டு கிடையாது. விசாரிச்சிட்டு ட்ரெய்னிங்கை நிறுத்தலாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்."

நான் உப்புமாவைப் பரிமாறி முடித்தேன். பாத்திரம் கழுவினேன். 

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாள் பதினொரு பிள்ளைதான் வந்தது. ஓரகத்தி வழியில் என்னை நிறுத்தினாள்.

"யக்கா, ரவையை எந்தக் கடையில போட்ட?"

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா புள்ளைங்க கொறஞ்சு போயிருக்குன்னு சர்க்காரே எழுதியிருக்கு. ரவையை வித்திருக்கணும். இல்லேன்னா நீ நெறுத்ததுல கண்ணு பட்டிருக்கணும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

 உப்புமா என் கையால் கிண்டியது. ஒரு பிடி ரவை வெளியே போகவில்லை. பிறகு எப்படிப் பிள்ளைகள் குறைந்தார்கள்?

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார். "போதும். நாளைக்குக் கொட்டகைக்கு வா. உருண்டை புடிக்க ஆள் பத்தல. திருட்டுப் பேரு வாங்கவா அங்க போன?"

"இன்னும் பதினோரு நாள் இருக்கு."

"பதினோரு நாளுல என்ன பண்ணுவ?"

"தெரியல. ஆனா அதுக்கு முந்தி வரமாட்டேன்."

மறுநாள் சின்னவனைக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பிள்ளை நிறுக்கிற தராசு உண்டு. நர்ஸம்மா நிறுத்தாள். பன்னிரண்டு கிலோ. என் தாளில் பதினொன்று என்று இருந்தது. ஒரு மாதத்தில் ஒரு கிலோ ஏறாது. திரும்ப நிறுக்கச் சொன்னேன். அதே பன்னிரண்டு.

சரி, வெல்லத் தராசுதான் கோளாறு என்று நினைத்தேன். நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஐந்து கிலோ படிக்கல்லைக் கொக்கியில் மாட்டினேன். முள் ஐந்தில் நின்றது. தராசு சரி.

அங்கேயே நின்றேன். பக்கத்தில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரியின் கணக்குப்பிள்ளை எப்போதும் போலக் கத்தினார்.

"அம்பத்திரெண்டு! சாக்கு ஒண்ணு, ஈரம் ஒண்ணு. அம்பது!"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

புது வெல்லத்தில் ஈரம் இருக்கும். காய்ந்தால் எடை குறையும். அதனால் வியாபாரி மூட்டைக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு என்று பிடிப்பார். சாக்குக்கு ஒரு கிலோ தனி. காய்ந்த வெல்லத்துக்கும் ஈரக் கழிவு உண்டு. கேட்டால் வழக்கம் என்பார். பத்து வருஷம் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். முள்ளில் தெரிவது எடை என்று எங்களில் யாருக்கும் நினைப்புக் கிடையாது. இரண்டைக் கழித்த பிறகு வருவதுதான் எடை. பிள்ளைகளை நிறுத்தபோதும் முள்ளைப் பார்த்தேன், சாக்கு ஒன்று, ஈரம் ஒன்று, எழுதினேன். வாய் சொல்லியது, கை எழுதியது. சாக்கைக் கழித்தது சரி. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஈரத்தைக் கழித்திருக்கிறேன்.

சக்கை மேட்டில் உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. சின்னவன் என் மடியில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டு யோசித்தாள். கெட்ட பெண் இல்லை. எனக்கு நல்லது செய்யத்தான் யோசித்தாள்.

"சேச்சி, இது சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இப்போ மாத்தி எழுதினா கள்ளக் கணக்குன்னுதான் சொல்லுவாங்க. ஒரு வழி இருக்கு. அடுத்த மாசம் எல்லாருக்கும் கால் கிலோ ஏத்தி எழுதுவோம். அதுக்கடுத்த மாசம் இன்னும் கால் கிலோ. நாலு மாசத்துல சரியாகும். பிள்ளைங்க நல்லா வளர்றாங்கன்னு மேடத்துக்கும் சந்தோஷம். வர்றப்போ கொஞ்சம் திட்டுவாங்க, கேட்டுக்கோ."

நல்ல யோசனைதான். நானும் ஒரு ராத்திரி அதை மனசில் வைத்துப் பார்த்தேன். காலையில் தாளை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிலோ கூட்டினேன். ஆபீஸ் தாளில் வயசுக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. பார்த்தேன். இருபத்து மூன்று பேர் சரியாக வந்தார்கள். ஐந்து பேருக்கு எட்டவில்லை. ஒரு கிலோ கூட்டியும் எட்டவில்லை.

"டீச்சர், இந்த அஞ்சும் நெசமாவே கொறச்சல். எல்லாருக்கும் ஏத்தி எழுதுனா இதுகளுக்கும் ஏத்தணும். அப்ப யாருக்கும் இதுகளைத் தெரியாது."

"அஞ்சு பேருக்காக சேச்சி உன் வேலையைக் களையணுமா?"

"நான் பழக வந்தது என்னத்துக்கு? மேடம் வரட்டும். ஆஸ்பத்திரித் தராசைக் கேட்டு வாங்குறேன். அவங்க கண்ணு முன்னாடியே நெறுக்குறேன்."

"பிள்ளைங்களே வர்றதில்ல. யாரை நிறுக்கிறது?"

அதுதான் கஷ்டம். ஒன்பது நாள் இருந்தது. பால்வாடி முடிந்ததும் வீடு வீடாகப் போனேன். முதலில் ஓரகத்தி வீடு. அவளைச் சரிக்கட்டினால் தெருவே வரும். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரவை கொண்டாந்தியாக்கா?"

"ரவை எங்கயும் போகல. கண்ணும் படல. தப்பு எம்மேலதான். நெறுக்கும்போது கழிவு போட்டுட்டேன்."

முறம் நின்றது.

"என்னா கழிவு?"

"சாக்கு ஒண்ணு. ஈரம் ஒண்ணு."

அவள் என்னையே பார்த்தாள். அவளும் எட்டு வருஷமாக உருண்டை பிடிக்கிறவள். ஈரக் கழிவு என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எம்மவனுக்கு ஈரக் கழிவு போட்டியா?"

"ஆமா."

"ஏங்க, இங்க வாங்க!" உள்ளே இருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள். "உங்க மதினி பண்ணின வேலையக் கேளுங்க. வெல்லத்துக்குக் கழிக்கிறது பத்தாதுன்னு நம்ம புள்ளைக்கும் கழிச்சிருக்கா! அந்த வியாபாரி தோத்தான்!"

கொழுந்தன் வெளியே வந்து கேட்டார். "அவன் அன்னிக்கு ஈரமா இருந்தானா மதினி?"

"சாக்குலயே மூத்திரம் போயிட்டான். ஈரந்தான்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். ஓரகத்தி சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே கோபம்.

"சிரிக்காதீங்க. யக்கா, கழிச்ச ஒரு கிலோவைத் திருப்பி எழுதணும். நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

"அதுக்குத்தான் வந்தேன். மேடம் வர்ற அன்னிக்குக் கூட்டிட்டு வா."

"வருவேன். தெருவையே கூட்டிட்டு வருவேன்."

மறுநாள் கொட்டகைகளில் எல்லாம் அதே பேச்சு. ஆண்கள் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, என்னையும் கழிவு போட்டு நெறுங்க, தொப்பை குறையட்டும்" என்றார்கள். நான் தலை குனியவில்லை. சிரிக்கட்டும். திருடி என்று பேசுவதற்கு இது எவ்வளவோ தேவலாம். அம்மாக்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், ஆனால் வருகிறேன் என்றார்கள். வியாபாரியிடம் வருஷக் கணக்காகக் கேட்க முடியாததை என்னிடம் கேட்கக் கிடைத்தது அவர்களுக்கு.

ஒருத்தி மட்டும் வரமாட்டேன் என்றாள். கரும்பு வெட்டுகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள், மூன்றரை வயது. ஐந்து பேரில் அதுதான் கடைசி.

"எனக்கு ஒங்க கணக்குப் புரியும்க்கா. ஒரு கிலோ திருப்பிக் குடுத்தாலும் எம்புள்ளைக்கு ஆகாது. தூக்குறவ நான். எனக்குத் தெரியாதா? அதை ஏன் நாலு பேரு முன்னால தொங்கவிட்டுக் காட்டணும்?"

"நாலு பேருக்குக் காட்ட இல்ல. மேடம் எழுதணும். எழுதுனாத்தான் இதுக்குன்னு தனியா ஏதாச்சும் வரும்."

"எழுதி வந்தது எதைப் பாத்திருக்கீங்க?"

"என்னைப் பாரு. அஞ்சாங் கிளாசு. எழுதித்தான் எனக்கு ஸ்டைபெண்டு வந்துச்சு."

"அதையுந்தான் நிறுத்திட்டாங்களே."

 நான் திரும்பி வந்தேன்.

மேடம் மூணாறு பஸ்ஸில் வந்தார்கள். வளைவுகளில் வாந்தி வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. டீச்சர் சுக்கு வெந்நீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ரெஜிஸ்டரைக் கேட்டார்கள். மேடம் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்கள். சிரிக்காத முகம்.

"இந்தத் தாள் எழுதினது யாரு?"

"நாந்தான் மேடம். டீச்சர் ஊர்ல இல்ல. தப்பு டீச்சருது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கித் தராசு, சாக்கு, ஈரம். நான் பேசப் பேச டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கேட்டார்கள்.

"பிள்ளைக்கு ஈரம்னா என்ன?"

"வெல்லத்துக்குத்தான் மேடம். கை பழகிப்போச்சு."

"இதை நான் நம்பணும், இல்லே?"

"நம்ப வேண்டாம். நெறுத்துப் பாருங்க."

ஆஸ்பத்திரித் தராசை நர்ஸம்மா காலையிலேயே அனுப்பியிருந்தாள். வெளியே பார்த்தால் வாசல் நிறைய ஆள். ஓரகத்தி சொன்னபடி தெருவையே கூட்டி வந்திருந்தாள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், எம்மவனுக்கு ஒரு கிலோ வரணும்."

மேடம் அவளைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது நிஜம் என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.  "ஏத்து" என்றார்கள்.

ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றினேன். மேடமே முள்ளைப் பார்த்து மேடமே எழுதினார்கள். ஓரகத்தி தராசை விட்டு நகரவில்லை. மகன் எடையைக் கேட்டதும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "ஒரு கிலோ முந்நூறு கூட!" அதற்கு யாரோ பின்னாலிருந்து, "முந்நூறு வட்டியா?" என்றார்கள். அப்போதும் மேடம் சிரிக்கவில்லை. பேனா மட்டும் ஒரு நிமிஷம் நின்றது.

இருபத்தேழு பிள்ளை ஆனது. மேடம் எண்ணிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு குறையுது."

"வரல மேடம். அது எடை குறைஞ்ச புள்ளை. இன்னும் நாலு அதே மாதிரி. நீங்களே எழுதியிருக்கீங்க."

நாலு பேரையும் காட்டினேன். யார் வீட்டில் என்ன காய்ச்சுகிறார்கள், எது வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தது, எதற்குச் சளி நிற்கவில்லை, எல்லாம் சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டே எழுதினார்கள். ஓரத்தில், சின்ன எழுத்தில். அப்புறம் தாளை மடித்தார்கள்.

"முதல் தாள் மேலே போயாச்சு. அதைத் திரும்ப வாங்க முடியாது. நான் இதைச் சேர்த்து அனுப்புவேன். தப்பு தப்புதான். நிறுத்தின ஸ்டைபெண்டு நிறுத்தினதுதான். ட்ரெய்னிங் மூணு மாசம் நீளும்."

"அந்த மூணு மாசத்துக்கு ஸ்டைபெண்டு உண்டா மேடம்?"

"எழுதறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"நான் வந்துருவேன். நீங்க எழுதுங்க."

மேடம் பையை எடுத்தபோது வாசலில் அந்தக் கரும்பு வெட்டுகிறவள் நின்றாள். மகளைச் சேலைத் தலைப்பில் மூடி வைத்திருந்தாள். வெட்டுக் கத்தி இடுப்பில் இருந்தது. கரும்புக் காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். யாரையும் பார்க்கவில்லை.

"கூட்டம் போகட்டும்னு நின்னேன்" என்றாள்.

மேடம் பையைக் கீழே வைத்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னார்கள். நான் பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்தேன். கையில் கனமே இல்லை. மேடம் எழுதினார்கள். பஸ் ஹாரன் அடித்தது. எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததுக்கு இரண்டு மணி நேரம் இருந்தார்கள்.

ஸ்டைபெண்டு இரண்டு மாதம் வரவில்லை. காலையில் வெயில் ஏறுவதற்குள் கரும்புத் தோகை உரித்துவிட்டுப் பால்வாடிக்கு ஓடுவேன். வீட்டுக்காரர் அடுப்பில் இரண்டு ஆள் வேலை பார்த்தார். என்னைப் பால்வாடியை விட்டு நிற்கச் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும், "அந்த மேடம் எழுதுவாங்களா?" என்றார். எழுதுவார்கள் என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஐந்து பிள்ளைகளுக்கும் இரட்டைப் பங்கு கொடுக்கலாம் என்று முதலில் உத்தரவு வந்தது. பால்பொடி டப்பாவும் வந்தது. அதற்கு அப்புறம்தான் என் ஸ்டைபெண்டு வந்தது. அந்த வரிசை எனக்குச் சரியாகவே பட்டது. மழைக்கு முன்னால் நாலு பிள்ளைகள் அச்சடித்த எடையைத் தொட்டார்கள். கரும்பு வெட்டுகிறவள் மகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

பதினைந்தாவது மாதம் தகுதி உண்டு என்று தாள் வந்தது. எங்கள் ஊருக்குப் பால்வாடி என்றும் அதிலேயே எழுதியிருந்தது. கட்டடத்துக்குப் பணம் இல்லை. ஒரு பழைய மாட்டுக் கொட்டகை கிடைத்தது. வீட்டுக்காரர் சாணி மெழுகி மூங்கில் கதவு வைத்தார். கரும்பு ஆடத் தொடங்கிய வாரமே திறந்தேன்.

முதல் நாள் ஒன்பது பிள்ளைகள். பத்து மணி சுமாருக்குப் பாகு வாசனை காற்றில் வந்தது. ஒருவன் எழுந்து கதவு இடுக்கில் நுழைந்து ஓடினான். பாதி வழியில் பிடித்தேன். தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, கதவுக்குக் குறுக்கே நானே உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் வரை எல்லாப் பாட்டையும் அங்கே உட்கார்ந்தே சொல்லிக் கொடுத்தேன்.